இருளிலும் வெளியே செல்லும் ஊர்

நார்வேயின் வடகோடியை நெருங்கும் பகுதியில், ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே சுமார் 350 கிலோமீட்டர் தொலைவில், ஒரு சிறு தீவை நடுவாகக் கொண்டு அமைந்த ட்ரோம்சோ நகராட்சியில் முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் கூடுதலானோர் வாழ்கின்றனர். பல்கலைக்கழகம், வடநார்வே முழுமைக்குமான பெரிய மருத்துவமனை, துருவ ஆய்வு நிறுவனம், மீன்பிடித் துறைமுகம் ஆகியவையே அவர்களில் பலருக்குப் பிழைப்பைத் தருகின்றன. இதே அகலக்கோட்டில் கிரீன்லாந்திலும் சைபீரியாவிலும் கடலே உறைந்து கிடக்கும் மாதங்களில், அட்லாண்டிக்கிலிருந்து வடக்கு நோக்கி ஓடிவரும் வெப்ப நீரோட்டத்தின் தயவால் ட்ரோம்சோவின் துறைமுகம் உறையாமல் இருக்கிறது. ஜனவரியின் சராசரி வெப்பநிலையும் உறைநிலைக்கு நான்கைந்து பாகை கீழே இறங்குவதோடு நின்றுவிடுகிறது. ஆகவே அந்த ஊரில் இல்லறம் நடத்தும் இருவரின் ஆண்டைப் புரிந்துகொள்ள முனைபவர் வெப்பமானியைக் காட்டிலும் நாட்காட்டியைப் பார்ப்பது பயன்தரும். ஏனெனில் நவம்பர் 27 அளவில் அடிவானத்துக்குக் கீழே போகும் சூரியன், ஜனவரி நடுப்பகுதி வரை மேலே வருவதில்லை.

இல்லறம் என்ற சொல்லுக்கு அங்கே திருமணப் பதிவு கட்டாயமில்லை. மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் துணைவரை நார்வேஜியர் ‘சம்போர்’ என்கின்றனர். நாட்டில் பிறக்கும் குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவை இத்தகைய பெற்றோருக்கோ மணமாகாத தாய்க்கோ பிறப்பவை என்பதால், இதை மீறலாகவோ புதுமையாகவோ யாரும் கருதுவதில்லை. பெரும்பாலும் இருவருமே வேலைக்குச் செல்கின்றனர். கூட்டு ஒப்பந்தங்களின்படி முழுநேர வேலை என்பது வாரத்துக்கு முப்பத்தேழரை மணி நேரம். காலை எட்டு மணிக்குத் தொடங்கும் அலுவலகம் மாலை நான்கு மணிக்குள் காலியாகிவிடும், நண்பகலில் வீட்டிலிருந்து கொண்டுவந்த ரொட்டித் துண்டுகளோடு உணவு முடிந்துவிடும், நாளின் ஒரே சூடான சாப்பாடு மாலை ஐந்து மணிக்குள் உண்டாகிவிடும். இரவு எட்டு மணிக்கு வீடு திரும்பி ஒன்பதரைக்கு உண்ணும் நகரத்தாருக்கு இந்த அட்டவணை விசித்திரமாகப் படலாம். ஆனால் உணவுக்கும் உறக்கத்துக்கும் இடையே ஐந்து மணி நேரம் மீந்து கிடப்பதே அவ்வூர்த் தம்பதியர் இத்தனை பொழுதுபோக்குகளை வைத்துக்கொள்வதற்கு அடிப்படை என்பதை மறக்கலாகாது.

சூரியன் எழாத அந்த ஏழு வாரங்களை ‘மொர்கெதீத்’, அதாவது இருட்காலம், என்பர். கும்மிருட்டு நாள் முழுவதும் நீடிப்பதில்லை. நண்பகலை ஒட்டிய இரண்டு மூன்று மணி நேரம் சூரியன் அடிவானத்துக்குச் சற்றே கீழே நிற்பதால், வானின் தென்கோடி இளஞ்சிவப்பாகவும் பனி மூடிய மலைகள் ஆழ்ந்த நீலமாகவும் தெரியும். விடுமுறை நாளானால் இருவரும் அந்தப் பொழுதைத் தவறவிடாமல் வெளியே செல்ல முயல்கின்றனர். வீடுகளின் சாளரங்களில் காகித நட்சத்திர விளக்குகளும் மெழுகுவத்திகளும் நவம்பர் இறுதியிலேயே ஏற்றப்பட்டுவிடுகின்றன. திரைச்சீலையை இழுத்து மூடும் வழக்கம் குறைவாதலால், ஒரு வீட்டின் வெளிச்சம் தெருவில் நடப்பவருக்கும் பயன்படுகிறது.

அந்தத் தெருவில் நடப்பதற்கே தனித் தயாரிப்பு வேண்டும். கடலோர ஊராகையால் உறைபனிக்கு நடுவே திடீரென மழை பெய்வதுண்டு. அந்த நீர், பல நாள் மிதிபட்டு இறுகிய பனியின்மேல் பரவி மறுபடி உறையும்போது, நடைபாதை கண்ணாடித் தகடாகிவிடுகிறது. ரப்பர் வாரில் சிறு இரும்பு முட்கள் பதித்து, காலணிக்கு மேல் இழுத்து மாட்டிக்கொள்ளும் ‘பிராதர்’ என்ற சாதனம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தொங்குகிறது; கடைக்குள் நுழையும் முன் அதைக் கழற்றாவிட்டால் வழவழப்பான தரையில் விழ நேரும் என்பதும், கழற்றியதைக் கடையிலேயே மறந்துவிட்டு வருவதும் அவ்வூர் வாழ்க்கையின் சிறு தொல்லைகள். மேற்சட்டையின் விளிம்பிலும் நாயின் கழுத்துப்பட்டையிலும் ஒளியைத் திருப்பியடிக்கும் பட்டைகள் தொங்குவது, வண்டி ஓட்டுபவரின் கண்ணுக்கு நடப்பவர் தட்டுப்பட வேண்டும் என்பதற்காக. உடலைத் தொடும் முதல் ஆடை எப்போதும் மெல்லிய கம்பளியாலானது. வியர்வையில் நனைந்த பருத்தி உடலின் சூட்டை விரைவில் உறிஞ்சிவிட, கம்பளியோ ஈரமான பின்னும் சூட்டைக் காக்கிறது. அதன்மேல் தடித்த கம்பளி, அதற்கும் மேல் காற்றுப் புகாத மேலங்கி என மூன்று அடுக்கு.

மாலை உணவு முடிந்ததும் இருவர் சேர்ந்து செல்லும் இடங்களில் முதன்மையானது ‘லீஸ்லொய்ப’ எனப்படும் விளக்கிட்ட பனிச்சறுக்குத் தடம். தீவின் நடுமேட்டில் தெற்கு வடக்காக ஓடும் இந்தத் தடத்தில், இயந்திரம் கொண்டு பனியைச் சமன்படுத்தி, சறுக்குக் கட்டைகள் பொருந்தி ஓடுவதற்கான இரட்டைப் பள்ளங்களைப் பதித்துவைக்கின்றனர். இருமருங்கும் விளக்குக் கம்பங்கள் நிற்கின்றன. குடியிருப்புகளிலிருந்து நடந்தே போய்ச் சேரக்கூடிய தொலைவில் இது இருப்பதும், கட்டணம் எதுவும் இல்லாததும்தான் முக்கியம். கட்டையின் அடியில் பூசும் மெழுகு அன்றைய பனிக்கு ஏற்ப மாறுகிறது: உலர்ந்த குளிர்ப் பனிக்கு நீலம், உறைநிலையை ஒட்டிய ஈரப் பனிக்கு ஊதா. வீட்டை விட்டுப் புறப்படும் முன் எந்த நிறம் என்று நடக்கும் வாக்குவாதமே பாதி விளையாட்டு எனலாம். தவறான மெழுகைப் பூசியவர் ஒவ்வோர் ஏற்றத்திலும் பின்னோக்கிச் சறுக்கி, அடுத்த நாள் காலை வரை அதைப் பற்றிக் கேட்க வேண்டியிருக்கும். அடிப்பகுதியில் விலங்கு உரோமம் போன்ற துணிப்பட்டை ஒட்டிய, மெழுகே தேவைப்படாத கட்டைகள் அண்மைக் காலத்தில் பரவியிருப்பதால் இந்த வாக்குவாதமும் குறைந்துவருகிறது.

இருட்காலத்தை இவ்வூரார் எப்படித் தாங்குகின்றனர் என்ற கேள்வி ஆய்வாளரையும் ஈர்த்திருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் கேரி லைபோவிட்ஸ் 2014-15இல் ட்ரோம்சோவில் தங்கி, உள்ளூர்ப் பேராசிரியர் யோவார் வித்தர்ஷோவுடன் இணைந்து செய்த ஆய்வு 2020இல் வெளியாயிற்று. குளிர்காலத்தைச் சகித்துக் கழிக்க வேண்டிய காலமாகப் பார்க்காமல், அதில் மட்டுமே கிடைக்கும் இன்பங்கள் உள்ள காலமாகப் பார்க்கும் மனப்போக்கு நாட்டின் தெற்கைவிட வடக்கே வலுவாக இருப்பதாகவும், அம்மனப்போக்கு வாழ்க்கை நிறைவோடு தொடர்புள்ளதாகவும் அது கண்டது. உலகப் பத்திரிகைகள் இதை மனத்தை மாற்றினால் குளிர் மாறிவிடும் என்ற அளவுக்குச் சுருக்கிவிட்டன. நான்கு மணிக்கு வேலை முடிந்துவிடுவதும், வாசலுக்கு அருகே தடம் சமன்செய்யப்பட்டிருப்பதும், அதில் விளக்கு எரிவதும் இல்லாமல் அந்த மனப்போக்கு எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பது கேட்கத்தக்க கேள்வி. தவிரவும் எல்லோருக்கும் இருள் உவப்பாக அமைவதில்லை. இருட்காலத்தில் தூக்கம் வராமல் அல்லது தூக்கம் கலையாமல் அவதிப்படுவோர் உண்டு. உடலின் கடிகாரம் காலை வெளிச்சத்தைக் கொண்டே தன்னைத் திருத்திக்கொள்வதால், அவ்வெளிச்சம் கிட்டாத வாரங்களில் அது தடம் புரள்கிறது. வெயில் தரும் டி வைட்டமினுக்கு ஈடாக, பெயரில் ‘ர்’ ஒலி வரும் மாதங்களில், அதாவது செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை, நாளுக்கு ஒரு கரண்டி காட் மீன் ஈரல் எண்ணெய் குடிக்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருக்கிறது.

சூரியன் கணக்கின்படி ஜனவரி 15 அளவில் திரும்பினாலும், தெற்கே நிற்கும் மலைகளின் மறைப்பைத் தாண்டி நகரத்தாரின் கண்ணில் படுவதற்கு ஜனவரி 21 அளவாகிவிடும். அந்நாளில் பழப்பாகு வைத்துப் பொரித்த ‘சூரிய உருண்டை’களுக்கு அடுமனைகளில் வரிசை நிற்கிறது, அலுவலகங்களில் அவற்றை வாங்கிவைப்பது ஏறத்தாழக் கடமையாகிவிட்டது. அதே மாதத்தில் 1991 முதல் நடந்துவரும் பன்னாட்டுத் திரைப்பட விழாவில், நகரச் சதுக்கத்தில் பனியின்மேல் திறந்தவெளித் திரை கட்டிப் படம் காட்டுகின்றனர். பிப்ரவரி 6ஆம் நாள் சாமி மக்களின் தேசிய நாள். நார்வே, ஸ்வீடன், பின்லாந்து, ரஷ்யா ஆகிய நான்கு நாடுகளின் வடபகுதிகளில் பரவி வாழும் இத்தொல்குடியினர் 1917இல் அந்நாளில் தெற்கே த்ரொண்ட்ஹைம் நகரில் முதன்முதலாகப் பெருங்கூட்டம் கூட்டியதன் நினைவாக அது கொண்டாடப்படுகிறது. அதை ஒட்டிய வாரத்தில் ட்ரோம்சோவின் கடைத்தெருவிலேயே பனியைக் கொட்டிப் பரப்பி, கலைமான்களுக்குப் பின்னே சறுக்குக் கட்டையில் வீரர்கள் இழுபட்டுச் செல்லும் பந்தயம் நடக்கிறது. ஆனால் வடதுருவ ஒளி காண யாரும் சிறப்பாகப் புறப்படுவதில்லை. நாயை நடத்திச் செல்லும்போது தலைக்கு மேலே பச்சைத் திரை அசைந்தால் உள்ளூர்த் தம்பதியர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு நடையைத் தொடர்கின்றனர். அதற்காக நாடு கடந்து வந்து சாலையோரத்தில் வண்டியை நிறுத்திவிட்டு நடுச்சாலையில் நிற்கும் பயணியர்மீது அவர்களுக்கு எரிச்சலும் உண்டு.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். அன்று ‘ஞாயிறு நடை’ போகாதவர் திங்கட்கிழமை அலுவலகத்தில் சற்றே கூச்சப்படும் அளவுக்கு அவ்வழக்கம் வேரூன்றியிருக்கிறது. பாலத்தைக் கடந்து பெருநிலப் பக்கம் சென்றால், நேபாளத்திலிருந்து வந்த ஷெர்பாக்கள் கல்லடுக்கி அமைத்த ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட படிகள் மலைமேட்டுக்கு ஏறுகின்றன. 1961இல் நிறுவப்பட்ட கம்பிவடத் தொங்கூர்தியும் அதே மேட்டுக்குத்தான் செல்கிறது, ஆயினும் உள்ளூரார் அதைப் பெரும்பாலும் விருந்தினருக்கு விட்டுவிடுகின்றனர். எதிர்ப்பக்கப் பாலத்தைக் கடந்தால் க்வாலோயா என்ற பெருந்தீவின் குடாக்களும் வெண்மணற் கரைகளும் கிடைக்கும். இவ்விடங்களில் நிலத்துக்கு உரியவர் யார் என்று எவரும் கேட்பதில்லை. 1957ஆம் ஆண்டின் வெளிவாழ்க்கைச் சட்டம், பயிரிடப்படாத நிலம் யாருடையதாயினும் அதில் நடக்கவும், சறுக்கவும், பெர்ரி பறிக்கவும், குடியிருக்கும் வீட்டிலிருந்து 150 மீட்டர் தள்ளி இரண்டு இரவு வரை கூடாரம் அடித்துத் தங்கவும் எல்லோருக்கும் உரிமை அளிக்கிறது. பழைய வழக்காற்றைச் சட்டமாக எழுதிவைத்ததன் பயன் எளியவருக்கே அதிகம்: ரொட்டி, குடுவையில் காபி, உட்காரப் பஞ்சுத்தட்டு ஆகியவை மட்டும் இருந்தால், வருமானம் எதுவாயினும் ஒரு தம்பதியர் தங்கள் ஞாயிற்றுக்கிழமையை நாட்டின் மிக அழகிய இடத்தில் கழிக்க முடிகிறது.

இதன் அடுத்த படி ‘ஹித்த’ எனப்படும் மலைக்குடில் அல்லது கடற்கரைக் குடில். நாடெங்கும் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட குடில்கள் உள்ளன. பல பெற்றோரிடமிருந்து வந்தவை, அண்ணன் தங்கையர் முறைவைத்துப் பயன்படுத்துபவை, அதனாலேயே சில குடும்பங்களில் மனத்தாங்கலுக்கும் காரணமானவை. சொந்தக் குடில் இல்லாதவருக்கு 1868இல் தொடங்கப்பட்ட நார்வே மலைநடைக் கழகம் ஐந்நூறுக்கும் மேற்பட்ட குடில்களை நடத்துகிறது. வடக்கில் இவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காவலாளி கிடையாது. உறுப்பினருக்குக் கழகம் தரும் ஒரே வகைச் சாவி பல குடில்களைத் திறக்கும். சில மணி நேரச் சறுக்கலுக்குப் பின் வந்துசேரும் இருவரில் ஒருவர் கதவை மறைத்துக் கிடக்கும் பனியை வாரி ஒதுக்க, மற்றவர் இரும்பு அடுப்பில் பிர்ச் மர விறகை அடுக்கித் தீ மூட்டுகிறார். பெரிய பாத்திரத்தில் பனியை அமுக்கி அடுப்பின்மேல் வைத்தால், பாத்திரம் நிறையப் போட்ட பனி உருகியதும் அடியில் கொஞ்சம் நீராக நிற்கும், மறுபடி மறுபடி நிரப்ப வேண்டும். கழிப்பறை வெளியே தனிக் கொட்டகை. சில குடில்களின் அலமாரியில் டப்பா உணவு, மாவு, காபி முதலியவை இருக்கும். எடுத்ததை எழுதிவைத்துப் பணம் செலுத்திவிடுவது தங்குபவரின் பொறுப்பு. புறப்படும்போது தரையைப் பெருக்கி, விறகை வெட்டி நிரப்பி, வருகைப் பதிவேட்டில் அடுத்துச் செல்லும் இடத்தை எழுத வேண்டும். தேடுதல் குழுவினர் முதலில் புரட்டிப் பார்ப்பது அந்தப் பதிவேட்டைத்தான்.

தேடுதலுக்கான காரணங்கள் குறைவல்ல. ட்ரோம்சோவுக்குக் கிழக்கே கடலிலிருந்து செங்குத்தாக எழும் லிங்கன் மலைகள், பனிச்சறுக்குக் கட்டைகளின் அடியில் பிடிப்புத் துணி ஒட்டி மேலேறிப் பின் சறுக்கி இறங்குவோரை ஆண்டுதோறும் ஈர்க்கின்றன. பனிச்சரிவில் சிக்கி உயிரிழப்போரும் உண்டு. 2013 ஜனவரி முதல் அரசு அமைப்புகள் ஐந்து படிநிலைகளில் தினமும் பனிச்சரிவு எச்சரிக்கை வெளியிடுகின்றன. முப்பது பாகைக்கு மேற்பட்ட சாய்வுள்ள சரிவுகளே பெரும்பாலும் இடிகின்றன என்பதால் சாய்வைக் காட்டும் வரைபடமும் கையில் இருக்கும். மலைக்குச் செல்லும் ஒவ்வொருவரும் சமிக்ஞை அனுப்பும், பிறர் சமிக்ஞையைப் பெறும் ஒரு சிறு கருவியை மார்பில் கட்டி, நீள மடக்குக் கோலையும் மண்வாரியையும் முதுகுப்பையில் வைத்துக்கொள்கின்றனர். வண்டி நிறுத்துமிடத்தில் ஒருவர் தம் கருவியைப் பெறும் நிலையில் வைத்து நிற்க, மற்றவர் அவரைக் கடந்து நடந்து, ஒலி வருகிறதா என்று சோதித்த பின்னரே ஏற்றம் தொடங்குகிறது. ஐயத்துக்குரிய சரிவை இருவரும் சேர்ந்து கடப்பதில்லை; ஒருவர் கடந்து பாதுகாப்பான இடத்தை அடையும் வரை மற்றவர் நின்று பார்க்கிறார். பனிக்குள் புதைந்தவரின் உயிர்பிழைக்கும் வாய்ப்பு முதல் கால் மணி நேரத்துக்குப் பின் வெகுவாகச் சரிந்துவிடுவதால், ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருப்பதற்கில்லை, தோண்டி எடுக்க வேண்டியவர் துணையாக வந்தவரே. மலையில் கடைப்பிடிக்க வேண்டிய ஒன்பது விதிகள், 1967 ஈஸ்டர் விடுமுறையில் பலர் மலைகளில் மாண்டதையடுத்து நாடெங்கும் பரப்பப்பட்டவை. அவற்றுள் திரும்பிவருவதில் வெட்கமில்லை என்னும் விதி, இருவரில் ஒருவர் தயங்கினாலும் திரும்பிவிடலாம் என்பதற்கான அனுமதியாகவே தம்பதியருக்குப் பயன்படுகிறது.

ஈஸ்டர் வரும்போது பனி அதன் உச்ச ஆழத்தை நெருங்கியிருக்கும். நகரில் பதிவான மிகப் பெரிய பனியாழமான 240 சென்டிமீட்டர் 1997இல் ஏப்ரல் 29ஆம் நாள், அதாவது தமிழகத்தில் அக்கினி நட்சத்திரம் தொடங்கவிருந்த வாரத்தில், அளக்கப்பட்டது. அப்போது பகல் நீண்டு, வெயிலும் சுள்ளென்று அடிப்பதால், காற்று படாதபடி பனியில் குழி வெட்டி, கலைமான் தோல் விரித்து உட்கார்ந்து, ஆரஞ்சும் 1937 முதல் விற்கப்படும் க்விக் லுன்ஷ் சாக்லேட்டும் தின்று, துப்பறியும் நாவல் படிப்பது தேசிய வழக்கம். ஈஸ்டருக்கும் கொலைக்கதைக்கும் என்ன தொடர்பு என்றால், 1923இல் ஒரு ரயில் கொள்ளை நாவலுக்குச் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் செய்தி போலவே தோன்றும்படி வெளியான விளம்பரம்தான்.

கோடையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை பிற்பகுதி வரை சூரியன் மறைவதே இல்லை. படுக்கையறையில் ஒளிபுகாத் திரை தொங்குகிறது, நள்ளிரவில் ஓட்டப் பந்தயம் நடக்கிறது. ஜூலையின் சராசரி வெப்பம் பன்னிரண்டு பதின்மூன்று பாகைதான் என்பதால், அந்த வெளிச்சத்துக்காக ஏங்கியிருந்த தம்பதியரில் பலரே மூன்று வார விடுமுறைக்கு ஸ்பெயினுக்கோ கிரேக்கத்துக்கோ பறந்துவிடுகின்றனர்.

கோடையின் இறுதியும் இலையுதிர் காலமும் சேகரிக்கும் பருவம். ஆகஸ்டில் சதுப்பு நிலங்களில் பொன்னிறத்தில் பழுக்கும் ‘முல்த்த’ என்ற பெர்ரியின் இடத்தை நெருங்கிய உறவினரிடமும் சொல்லமாட்டார்கள் என்பது மிகை அன்று. வடமாவட்டங்களில் நில உரிமையாளர் தம் முல்த்த நிலத்தில் பறிக்கத் தடை விதிக்கலாம், ஆனால் நின்ற இடத்தில் பறித்துத் தின்பதைத் தடுக்க முடியாது என்று சட்டமே நுணுக்கமாகப் பேசுகிறது. அதைத் தொடர்ந்து அவுரி நிறப் பெர்ரி, செப்டம்பரில் சிவப்புப் பெர்ரி. செப்டம்பர் 10 முதல் ‘ரீப்ப’ என்ற பனிக்கோழி வேட்டை. கடலில் தூண்டில் போட உள்ளூராருக்கு உரிமமும் கட்டணமும் தேவையில்லை. இவையெல்லாம் நிலவறையில் நிற்கும் ஆழ்குளிர் பெட்டிக்குள் சேர்கின்றன. ஜனவரிக்குப் பிறகு முட்டையிட பேரண்ட்ஸ் கடலிலிருந்து வரும் பெரிய காட் மீனை வேகவைத்து, அதன் ஈரலோடும் சினையோடும் பரிமாறும் ‘மொல்யெ’ என்ற உணவுக்கு இருவர் மட்டும் உட்கார்வது அபூர்வம். நண்பர்களை அழைத்து உண்பதற்கான உணவு அது.

வீட்டுக்குள்ளும் ஒரு பங்கீடு உண்டு. இரட்டைக் கட்டிலில் இருவருக்கும் தனித்தனிப் போர்வை. இரவில் இழுபறி இல்லை. குழந்தை பிறந்தால் தந்தைக்கென்றே ஒதுக்கப்பட்டு, அவர் எடுக்காவிட்டால் வீணாகிவிடும் விடுப்பு 1993இல் நான்கு வாரமாகத் தொடங்கி இப்போது பதினைந்து வாரமாகியிருக்கிறது. கம்பளியில் சுற்றிய குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வெளிக்குளிரில் பகலுறக்கம் கொள்ளச் செய்வதும், தள்ளுவண்டியோடு ஆண்கள் பனிச்சாலையில் நடப்பதும் அன்றாடக் காட்சி. பின்னல் ஊசி பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இன்னும் இருக்கிறது என்றாலும், கூட்டங்களில் பேச்சைக் கேட்டுக்கொண்டே பின்னுவதை அங்கு மரியாதைக் குறைவாக எவரும் எடுத்துக்கொள்வதில்லை.

வெளியூரிலிருந்து வந்து குடியேறும் தம்பதியருக்கு இவ்வாழ்க்கை எளிதில் திறப்பதில்லை. நட்பு வட்டங்கள் பள்ளி நாளிலேயே இறுகிவிடுவதும், சந்திப்புகள் தேநீர்க் கடையில் நிகழாமல் மலையிலும் குடிலிலும் நிகழ்வதும், சறுக்கத் தெரியாதவரைத் தனிமைப்படுத்துகின்றன. 1980களில் இலங்கையிலிருந்து வந்த தமிழர் பலர், ட்ரோம்சோவுக்கும் வடகிழக்கே உள்ள பின்மார்க் கரையோர ஊர்களின் மீன் பதனிடும் ஆலைகளில் வேலை பார்த்தனர். சறுக்குத் தடத்தைவிட வார இறுதியில் ஒருவர் வீட்டில் மற்றவர் கூடி உண்பதையே அவர்கள் தங்கள் வெளிவாழ்க்கையாக அமைத்துக்கொண்டனர், பின்னர் அவர்களுள் பெரும்பகுதியினர் தெற்கே ஆஸ்லோ பக்கம் பெயர்ந்துவிட்டனர். இன்று ட்ரோம்சோவில் வீடு தேடும் இளம் இணையருக்கு வேறொரு போட்டி இருக்கிறது: துருவ ஒளி காண வருவோருக்கு நாள் வாடகைக்கு விடப்படும் அடுக்கக வீடுகள். அந்த வாடகைக்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்ற விவாதம் நகரில் ஓயாமல் நடக்கிறது. அதில் இரு தரப்பிலும் பேசுவோர், இரும்பு முள் பதித்த டயர்களுக்குச் சட்டம் இடமளிக்கும் அக்டோபர் 16ஆம் நாளுக்குள் தங்கள் வண்டிகளை அடுத்த குளிருக்குத் தயாராக்கிவிடுகின்றனர்.